நுரை கட்டும் வரைக்கும்

ஈஜிபுராவில் மணிப்பூர்க்காரர்கள் நடத்தும் சின்னக் கடை அது. பத்தடிக்குப் பத்தடி இருக்கும். வாசலில் ஊறவைத்த மூங்கில் குருத்துப் பாட்டில்கள், பக்கத்தில் காய்ந்த ராஜா மிளகாய், உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜில் பழைய தேக்குக் கதவின் நிறத்தில் ரோகு மீன் துண்டுகள். புகை போட்ட மீன். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கியது. கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊரில் மீன் என்றால் குழம்பு. கருவாடு என்றாலும் குழம்பு. ஆகவே இதையும் குழம்புதான் வைத்தேன். புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, மீனையும் போட்டு, தளதளவென்று இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். புகை மீன் கெட்டியாக இருக்கிறது, நன்றாக வேகட்டும் என்ற நல்லெண்ணம்தான். பதினைந்தாவது நிமிடத்தில் கீழ்வீட்டிலிருந்து போன் வந்தது. வீட்டுக்கார அம்மாள் சுத்த சைவம். "ஏனோ சுட்ட வாசனெ பர்தா இதெ, சார்" என்றார். ஏதோ கருகுகிற வாசனை வருகிறதாம். எதுவும் கருகவில்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது மீன் தேங்காய் நார் மாதிரி இருந்தது. குழம்பு கசந்தது. கீழ்வீடு வரைக்கும் போன வாசனை, தட்டில் மட்டும் இல்லை.

அடுத்த வாரம் கடையில் இதைச் சொன்னதும் கல்லாவில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "உபாலோ மத், பையா" என்றாள். கொதிக்கவிடாதே அண்ணா. இந்த அத்தியாயம் அந்த இரண்டு சொற்களுக்கான உரை.

முதலில், புகை எதற்கு? தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரனுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. நமக்குப் புகை தேவைப்பட்டதே இல்லை. உப்பு இருக்கிறது, மணல் இருக்கிறது, வருடத்தில் முக்கால்வாசி நாள் கொளுத்தும் வெயில் இருக்கிறது. நெத்திலியைப் பரப்பிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கருவாடு. மணிப்பூரிலும் நாகாலாந்திலும் அந்த வசதி கிடையாது. மழை மாதக்கணக்கில் பெய்யும், காற்றே ஈரம், கடலும் இல்லை. அங்கே வெயிலை நம்பி மீனை வெளியே வைத்தால் கருவாடு ஆவதற்கு முன் புழு வந்துவிடும். ஆனால் வீட்டுக்கு நடுவில் நாள் முழுக்க எரியும் அடுப்பு உண்டு. அதற்கு மேலே மூங்கில் தட்டி கட்டி மீனை அடுக்கிவிடுகிறார்கள். நம் வீடுகளில் அடுப்புக்கு மேல் பரண் கட்டி விதையையும் புளியையும் வைத்தார்களே, அதே புத்தி. மணிப்பூரியில் இந்த மீனுக்கு ஙா ஆயாய்பா என்று பெயர்.

வெயில் தாராளமாக அடிக்கும் இடத்திலும் புகையை நாடியவர்கள் உண்டு. மாலத்தீவும், அதன் பக்கத்து மினிக்காயும். காரணம் அங்கே கிடைக்கும் சூரை மீன். சிவந்த சதை, தடித்த துண்டு. நெத்திலியைப் போல நேரே வெயிலில் போட்டால் வெளிப்புறம் காய்வதற்குள் உள்ளே கெட்டுவிடும். இருக்கிற எண்ணெயும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அதனால் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, தேங்காய் மட்டை மூட்டத்தில் புகை போட்டு, அப்புறம்தான் வெயிலில் காயவைக்கிறார்கள். முடிவில் கிடைப்பது விறகுத் துண்டு மாதிரி ஒரு பொருள். காயல்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் அதன் பெயர் மாசி. மாலத்தீவு மொழியில் 'மாஸ்' என்றால் மீன். பொருளோடு பெயரும் தோணியேறி வந்துவிட்டது. 1343-இல் மாலத்தீவில் இறங்கிய இப்னு பதூதா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் அனுப்புவார்கள் என்று. செய்முறை ஏறக்குறைய 700 வருடமாக மாறவில்லை.

பெங்களூரு இரண்டு கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். மேற்கே மங்களூரு, கிழக்கே சென்னை, இரண்டும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ரஸ்ஸல் மார்க்கெட்டில் விடிகாலையில் பங்குடே எனும் அயிலை மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவது லாரியும் ஐஸ் ஆலையும் வந்த பிறகான கதை. அவசரத்துக்கு வீட்டிலேயே கிடந்து உதவும் மீன் இங்கே என்றைக்கும் கருவாடுதான். இப்போது அந்த வரிசையில் புகை மீனும் சேர்ந்திருக்கிறது. வடகிழக்கிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்கள் ஈஜிபுராவிலும் நீலசந்திராவிலும் கடை போட்டதால் வந்தது ஒரு வகை. சூப்பர்மார்க்கெட் ஃபிரிட்ஜில் காற்றை உறிஞ்சி ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் இருப்பது இன்னொரு வகை. இரண்டுமே இருபது நிமிடச் சாப்பாட்டுக்கு உகந்தவை. ஆனால் அவற்றுக்குள் புகை என்ன செய்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் நாம் என்ன செய்யக் கூடாது என்பது புரியும்.

கட்டையைச் சரியாக எரியவிடாமல் மூட்டம் போட்டால் அது பகுதி பகுதியாகச் சிதையும். மரத்தில் மூன்று முக்கியச் சரக்குகள் உண்டு: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். 200 டிகிரியைத் தாண்டியதும் ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்கும், பிறகு செல்லுலோஸ். அவற்றிலிருந்து அசெட்டிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, இன்னும் பல கார்பனைல் சேர்மங்கள் பிறக்கும். இந்தக் கார்பனைல்கள் மீனின் புரதத்தோடு சேர்ந்துதான் அந்தப் பொன்பழுப்பு நிறம் வருகிறது. தோசை முறுகும்போது நடப்பதன் ஒன்றுவிட்ட தம்பி. ஃபார்மால்டிஹைடும் அமிலமும் மேற்பரப்பில் கிருமிகளை அடக்கும்.

லிக்னின் கதை வேறு. அது மரத்தை நிமிர்ந்து நிற்கவைக்கும் பசை. 300 டிகிரிக்கு மேல்தான் அசைந்து கொடுக்கும். உடைந்தால் ஃபீனால் குடும்பத்துப் பிள்ளைகளைத் தரும். அதில் மூத்தவன் குவாயகால். புகை மீனை மூக்கருகே கொண்டுபோனதும் "புகை" என்று மூளை சொல்கிறதே, பெரும்பாலும் குவாயகாலையும் சிரிங்கால் என்ற அதன் உடன்பிறப்பையும் பார்த்துத்தான் சொல்கிறது. குவாயகாலை உங்களுக்கு முன்பே தெரியும். காலையில் டிகாக்‌ஷன் இறங்கும்போது வரும் வாசனையில் அது உண்டு. காப்பிக் கொட்டையை வறுக்கும்போதும் பிறக்கிறது. கிராம்பின் வாசனையான யூஜினால், குவாயகாலின் உடம்பில் ஒரு வால் ஒட்டியது. வெனிலா வாசனையான வெனிலின், அதே உடம்பில் இன்னொரு வால். புகை மீன் சமைக்கும்போது ஒரு கிராம்பு தட்டிப் போட்டால் ஏதோ பொருந்திப்போகிறது என்று தோன்றுமே, அது சொந்தக்காரர்கள் சந்தித்துக்கொள்வதுதான்.

ஃபீனால்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மீன் எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிக்குப்பிடிப்பதை அவை தடுக்கின்றன. எண்ணெய் உள்ள சூரைக்குப் புகை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. மாலத்தீவுக்காரர்களுக்கு ஃபீனால் தெரியாது; புகை போட்ட மீன் கப்பலில் தாங்கும் என்று தெரியும்.

புகையில் வேண்டாத விருந்தாளியும் உண்டு. தீ அதிகச் சூட்டில் எரிந்தாலோ, மீன் எண்ணெய் தணலில் சொட்டினாலோ பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. புகை மீனில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்று இருந்த வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் 2 ஆகக் குறைத்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் புகைக்கூண்டு வடிவமைப்பவர்கள் தீயையும் மீனையும் தள்ளித் தள்ளி வைப்பது இதனால்தான். தினமும் சாப்பிடும் பண்டமாக இதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதும், மேலே கரி படிந்திருந்தால் தோலை உரித்துப் போட்டுவிடுவதும் நம் பங்கு. நான் மாதத்துக்கு ஓரிரு முறை என்று வைத்திருக்கிறேன்.

இனி சதைக்கு வருவோம். மீன் தண்ணீரில் மிதக்கிறது. அதன் எடையைத் தண்ணீர் சுமக்கிறது. நிலத்தில் நிற்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உடம்பைத் தாங்க நிறைய இணைப்புத் திசு வேண்டும், அதில் முரட்டுக் கொல்லாஜன். அதனால் கறியை மணிக்கணக்கில் வேகவைத்துக் கொல்லாஜனைக் கரைக்கிறோம். மீனுக்கு அந்தச் சுமை கிடையாது. அதன் சதை மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே சவ்வு மாதிரிக் கொஞ்சம் கொல்லாஜன், அதுவும் லேசான சூட்டிலேயே இளகிவிடும் ரகம். வெந்த மீனை விரலால் தொட்டதும் ஏடு ஏடாகப் பிரிவது இந்தச் சவ்வு கரைந்ததன் அடையாளம்.

சதைப் புரதங்களில் மயோசின் 40 டிகிரிக்கு மேலேயே உருமாறத் தொடங்குகிறது. 60-ஐ ஒட்டி மீன் வெந்துவிட்டது என்று சொல்லலாம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சதை இறுகி, தன்னிடம் உள்ள தண்ணீரை ஈரத்துணி பிழிகிற மாதிரி வெளியே தள்ளும். 70-ஐத் தாண்டி ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் இறுகினால் நார்தான். மீன்காரக் குடும்பத்துப் பெண்கள் குழம்பு நன்றாகக் கொதித்து வற்றிய பிறகுதான் மீனைப் போடுவார்கள், போட்டபின் கரண்டி போடவிடமாட்டார்கள், சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவதோடு சரி. தெர்மாமீட்டர் இல்லாமலேயே இதையெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

பச்சை மீனுக்கே இத்தனை ஜாக்கிரதை என்றால், புகை மீன் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. சூட்டுப் புகையில் போட்ட மீனின் புரதங்கள் இறுகி முடிந்துவிட்டன. தண்ணீரில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குச் சமையல் என்று ஒன்று பாக்கியே இல்லை. நான் இருபது நிமிடம் கொதிக்கவிட்டது, வெந்த சோற்றை மறுபடி உலையில் போட்ட கதை. புகை மீனுக்கு அடுப்பில் நாம் செய்ய வேண்டியது வேறு மூன்று: இழந்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பது, அதிகப்படி உப்பை வெளியே எடுப்பது, வாசனையை ஓடிப்போகாமல் குழம்பிலேயே பிடித்துவைப்பது.

மூன்றாவதில்தான் நான் முழுசாகத் தோற்றேன். ஊட்டிப் பக்கம் நீலகிரித் தைலம் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அண்டா நிறைய யூகலிப்டஸ் இலை, கீழே கொதிக்கும் தண்ணீர். இலையிலிருக்கும் எண்ணெய் தனியாகக் கொதிக்க 170 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் எழும் நீராவியோடு கைகோத்துக்கொண்டு 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பிவிடும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் தைலம். குவாயகாலின் கொதிநிலை 205 டிகிரி. ஆனால் சட்டியில் தண்ணீர் தளதளத்தால் அதுவும் இதே மாதிரி நீராவி பிடித்துப் போய்விடும். அன்றைக்கு நான் குழம்பு வைக்கவில்லை, புகைத் தைலம் காய்ச்சியிருக்கிறேன். குளிர்விக்கும் குழாய் மட்டும் இல்லை. ஆவி ஜன்னல் வழியாக நேரே கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. எளிதில் பறக்காத கசப்புத் தார் குழம்பிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மாளின் மூக்கை நான் குறை சொல்லவே முடியாது. நான் சாப்பிட வேண்டியதைத்தான் அவர் நுகர்ந்திருக்கிறார்.

பெங்களூருக்கு இதில் ஒரு சிறு சலுகை உண்டு. ஊர் கடல்மட்டத்துக்கு 920 மீட்டர் மேலே. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி குறையும் என்பது கைக்கணக்கு. சென்னையில் 100-இல் கொதிக்கும் தண்ணீர் இங்கே 97-ஐத் தொட்டதுமே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93-லேயே. துவரம்பருப்பு இந்த ஊரில் கொஞ்சம் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் மீனுக்கு 97-உம் அதிகம்தான். நமக்கு வேண்டியது 75, 80.

தண்ணீரைப் பார்த்தே சூட்டைச் சொல்லலாம். பாத்திரத்தின் அடியில் கடுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகள் ஆரம்பத்தில் தண்ணீரில் கரைந்திருந்த காற்றுதான். 70-ஐ ஒட்டி மேலே ஆவி நன்றாகத் தெரியும், ஆனால் பரப்பு ஆடாது. 80-ஐத் தாண்டினால் பரப்பு நடுங்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி மேலே வந்து சத்தமில்லாமல் உடையும். நம் சமையலில் இந்த நிலைக்கு ஒரே ஒரு பண்டம்தான் பாடம்: ரசம். நுரை கட்டும்போது இறக்கிவிடு, கொதிக்கவிட்டால் ரசம் செத்துப்போகும் என்று எத்தனை வீட்டில் எத்தனை மருமகள்கள் கேட்டிருப்பார்கள். அதன் காரணமும் வாசனைதான். சீரகத்தின், பெருங்காயத்தின் மணம் ஆவியோடு கிளம்பிவிடும். ரசத்துக்குக் காட்டும் மரியாதையைப் புகை மீனுக்கும் காட்டினால் போதும்.

அடுப்பை 80 டிகிரியில் பிடித்து நிறுத்துவது சிரமம். அதைவிட எளிதான வழி, அடுப்பை அணைத்துவிடுவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 750 மில்லி தண்ணீர், 97 டிகிரி. கால் கிலோ மீன், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது, 5 டிகிரி. ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 4.2 ஜூல் வேண்டும். மீன் சதைக்கு ஏறக்குறைய 3.5. இரண்டும் கலந்து சூட்டைப் பங்குபோட்டுக்கொண்டால் நிற்கும் இடம் 77 டிகிரி. மீன் ஃபிரிட்ஜில் இல்லாமல் அறைச்சூட்டில் இருந்தால் 81. அதாவது நன்றாகக் கொதித்த தண்ணீரில் மீனைப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவிட்டால், கணக்கே நமக்காக அடுப்பைப் பார்த்துக்கொள்கிறது. சூடு எந்தக் காலத்திலும் மேலே போகாது, கீழேதான் வரும். விரலளவு தடிமனுக்குப் பத்து நிமிடம்.

இதில் மண்சட்டிக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். மண்சட்டி குடித்த சூட்டை லேசில் விடாது; இறக்கிவைத்த பின்னும் குழம்பு களக் களக்கென்று கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் செய்தால் கொதி அடங்கும் வரை பொறுத்து மீனைப் போடுங்கள். ஆசை யாரை விட்டது, நானும் மண்சட்டியில்தான் செய்கிறேன்.

தண்ணீர், தண்ணீர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வெறும் தண்ணீரில் போடலாம்தான். ஆனால் ஃபீனால்களுக்குத் தண்ணீரைவிடக் கொழுப்பின்மேல் பிரியம் அதிகம். கொழுப்பு இருந்தால் அதில் கரைந்து தங்கிவிடும். நாக்கில் மெதுவாக அவிழும். ஸ்காட்லாந்துக்காரர்கள் புகை போட்ட ஹாடக் மீனைப் பாலில் இட்டு மெல்லச் சூடாக்குவதும் இந்தக் காரணத்தோடு பொருந்துகிறது. நம் கிச்சடி வெள்ளைக்காரர்கள் கைக்குப் போய், கெஜரி என்று பெயர் மாறி, அங்கே அந்தப் புகை ஹாடக்கையும் அவித்த முட்டையையும் சேர்த்துக்கொண்டு அவர்களுடைய காலைச் சாப்பாடானது தனிக் கதை.

பாலில் மீனா என்று பதறுபவர்கள் இருப்பார்கள். மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று என் பாட்டியும் சொன்னாள். ஆயுர்வேதமும் இந்தச் சேர்க்கையை விலக்கி வைத்திருக்கிறது. வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது; சாப்பாட்டுச் சேர்க்கையால் வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பாலில் மீன் சமைத்த ஸ்காட்லாந்துக் கரையோரக் கிராமங்கள் புள்ளி விழுந்து கிடக்கவில்லை. ஆனாலும் நான் பசும்பால் ஊற்றுவதில்லை. பயம் இல்லை, நம்மிடம் அதைவிட நல்லது இருக்கிறது. தேங்காய்ப்பால்.

தேங்காய்ப்பாலும் மீனும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதுதான் இதில் அழகு. தேங்காய்ப்பால் என்பது கொழுப்புத் துளிகள் தண்ணீரில் மிதக்கும் கலவை. துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அவற்றைச் சுற்றியிருக்கும் தேங்காய்ப் புரதம். கொதிக்கவிட்டால் புரதம் உருமாறிக் காவலை விட்டுவிடும், துளிகள் சேர்ந்து எண்ணெய் தனியே பிரியும், பால் திரிந்துபோகும். சொதி வைப்பவர்கள் இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காயை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டியதும் இறக்குவது இதற்குத்தான். அந்த முறையை வார்த்தை மாற்றாமல் புகை மீனுக்கு எடுத்துக்கொள்ளலாம். தண்ணியான பால் கொதிக்கலாம், மீன் அதில் இறங்கலாம், கெட்டிப்பால் கடைசியில் வந்து வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.

உப்பு. புகை போடுவதற்கு முன் மீனை உப்பில் ஊறவைத்திருப்பார்கள், சிலது கடித்தால் முகம் சுளிக்கும் அளவுக்கு இருக்கும். உப்பு சதைக்குள்ளிருந்து வெளியே வருவது ஊடுருவல் முறையில், ஆடி அசைந்து. அதற்கு ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை அங்குலத் துண்டுக்கு 15 நிமிடம் என்றால் ஓர் அங்குலத் துண்டுக்கு 30 இல்லை, 60. எனவே ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுவதைவிடத் துண்டைச் சின்னதாக்குவது புத்திசாலித்தனம். ஆனால் உப்போடு இன்னொன்றும் வெளியேறும். 1913-இல் கொடாமா என்ற ஜப்பானிய வேதியியலாளர், நம் மாசிக்குப் பங்காளி முறையான கட்சுவோபுஷி என்ற புகைச்சூரையின் ருசிக்கு இனோசினிக் அமிலம்தான் காரணம் என்று காட்டினார். தக்காளியிலும் வேறு பலவற்றிலும் உள்ள குளுட்டமேட்டோடு இது சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று பல மடங்கு தூக்கிவிடும். யாழ்ப்பாணத்தில் சம்பலில் ஒரு சிட்டிகை மாசித்தூள் போட்டதும் சாதாரணத் தேங்காய்க்கு உயிர் வருகிறதே, அது இதுதான். இனோசினிக் அமிலமும் தண்ணீரில் கரைவது. மணிக்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் உப்போடு ருசியும் சாக்கடைக்குப் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம், ஒரு முறை; அதற்கு மேல் நான் போவதில்லை. அப்படியும் உப்பு தூக்கலாக இருந்தால் குழம்பில் உப்பே போடாமல் விட்டால் சரியாகிவிடும். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது சும்மா. அது உப்புத் தண்ணீரைச் சேர்த்தே குடிக்கும்.

கொதிக்கவிடாதே என்று இவ்வளவு சொன்ன பிறகு, எங்கே சொல்லக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சூப்பர்மார்க்கெட் உறைகளில் சில மீன்கள் குளிர்ப்புகை போட்டவை, 30 டிகிரிக்குக் கீழேயே புகை காட்டியவை. பார்க்கக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அவை வெந்தவை அல்ல, பச்சை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜிலும் வளரும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் அந்த மீனை உள்ளே ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். அணைத்த அடுப்பு அங்கே போதாது, நடுங்கும் தண்ணீரில் இன்னும் சில நிமிடம் வைக்க வேண்டும். காற்றில்லா உறைக்குள் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற இன்னொன்றும் வளரலாம். அதன் ஒரு வகைக்கு 4 டிகிரிக் குளிர்கூடப் பெரிய தடை இல்லை. அதன் நச்சை அழிக்க 85 டிகிரிக்கு மேல் ஐந்து நிமிடமாவது வேண்டும், நம் 77 அதற்கு உதவாது. ஆகவே உறைந்த மீனை உருக்கும்போது உறையைக் கத்தரித்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்து உருக்குங்கள், மேடையில் உறையோடு போட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். சூரையும் அயிலையும் புகைக்கு முன்பே வெயிலில் கிடந்து கெட்டிருந்தால் ஹிஸ்டமின் சேர்ந்திருக்கும். புகையோ கொதியோ அதை ஒன்றும் செய்யாது. மிளகு போடாத மீன் நாக்கில் மிளகு மாதிரிச் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள்.

இரண்டாவது முறை வாங்கிவந்த ரோகுவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் அரை மூடித் தேங்காயைத் துருவி, மிக்ஸியில் அடித்து, முதல் பாலைத் தனியாகவும் தண்ணியான பாலைத் தனியாகவும் எடுத்தேன். சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் மூன்று, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, மஞ்சள்தூள், தட்டிய கிராம்பு ஒன்று, பாதி தக்காளி. எல்லாம் தண்ணிப்பாலில் கொதித்து வெங்காயம் கண்ணாடி ஆனதும் அடுப்பை அணைத்தேன். சட்டி களகளப்பை நிறுத்தும் வரை நின்றேன். மீனைத் தோல் மேலிருக்கும்படி ஒவ்வொன்றாக இறக்கி மூடினேன். சோனா மசூரி ஏற்கெனவே குக்கரில் விசில் அடித்து ஓய்ந்திருந்தது.

பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது பால் மஞ்சளுக்கு மேல் மெல்லிய பழுப்பு ஏறியிருந்தது. கரண்டியின் நுனி பட்டதும் துண்டு ஏடு ஏடாக விலகியது. ஏடுகளுக்கு நடுவே ஈரம் மின்னியது. முதல் பாலை ஊற்றி, சிறு தீயில் ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி, அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன்.

கீழ்வீட்டிலிருந்து போன் வரவில்லை. மிச்சமான சாற்றை ஃபிரிட்ஜில் வைத்திருந்து மறுநாள் சூடாக்கித் தோசைக்குத் தொட்டுக்கொண்டேன். அதில் மீன் ஒரு துணுக்குகூட இல்லை. புகை முழுக்க அங்கேதான் இருந்தது.